கவிழ்த்து வைத்த ஆறு ரவைகள்

மகன்,

நீ இதை வாசிக்கும்போது உனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருப்போம். அல்லது நீயே ஒருத்தியைப் பார்த்து வைத்துக்கொண்டு எங்களிடம் சொல்லாமல் திரிந்துகொண்டிருப்பாய். இரண்டில் எதுவென்றாலும் நான் உன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்திருப்பேன், உன் தொலைபேசி சிணுங்கும்போது காதைக் கொடுத்திருப்பேன் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். இப்போது உனக்கு நாலு வயது. மத்தியானச் சோறு சாப்பிட்டுவிட்டு, காலை அகல விரித்துக்கொண்டு, என் பக்கத்தில் சோபாவில் கிடக்கிறாய். வீடெல்லாம் கார்ட்போர்ட் பெட்டி. வருகிற கிழமை அஜக்ஸுக்கு வீடு மாறுகிறோம். உன் அப்பா காலை பத்து மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு போனவர். பன்னிரண்டுக்குத் திரும்பிவிடுவேன் என்றார். இப்போது இரண்டரை. இன்னும் வரவில்லை. அந்த இரண்டரை மணித்தியாலத்தைத்தான் நான் இந்தக் கொப்பியில் போட்டு நிரப்பப் போகிறேன்.

நாலு வயதுக்காரனுக்கு ஒரு கதை சொல்லியிருக்கிறேன். அப்பாவும் வோல்ற்றரும் ஏன் இப்போது சந்திப்பதில்லை என்று நீ கேட்டபோது, வோல்ற்றர் தூரத்துக்குப் போய்விட்டார் என்றேன். அது பொய். அவர் இங்கிருந்து இரண்டு பஸ் தூரத்தில்தான் இருக்கிறார். வளர்ந்த மகனுக்கு உண்மையைச் சொல்லவேண்டும். அதுவும் நான் சொல்லவேண்டும். உன் அப்பாவிடம் விட்டால் இதில் என் பெயரே வராது.

நான் எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதினைந்து வயதாயிருந்தபோது எங்கள் ஊரில் ஒரு சுற்றிவளைப்பு. ஆமிக்காரர் வீடு வீடாக வந்தார்கள். என் அண்ணன், உன் மாமா, தெருவில் பொறுக்கிய, துவக்கால் சுட்டபின் விழுந்த ஒரு வெற்று ரவைக் கோதைத் தன் பென்சிலுக்கு மூடியாகப் போட்டு வைத்திருந்தான். மேசை லாச்சிக்குள் அது கிடந்தது. அதற்காக அவனைக் கொண்டுபோனார்கள். பதினொரு மாதம் கழித்துத் திரும்பி வந்தான். இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான், ஆனால் கதவுக்கு முதுகைக் காட்டி இருக்கமாட்டான். அவனைக் கொண்டுபோன அன்று பின்னேரம் என் அம்மா அடுப்பில் எரித்தவை: அண்ணனுடைய கொப்பிகள், அவனுக்கு வந்த கடிதங்கள், என் விலங்கியல் படங்கள்கூட. கையெழுத்து உள்ள எல்லாவற்றையும் எரி, மிச்சத்தை ஒருவரும் தொடாதது போல அடுக்கு. இந்த இரண்டும் எங்கள் வீட்டில் கைப்பழக்கம். பிறகு நான் கம்பஸுக்குப் போய் இரசாயனம் படித்தேன், பட்டம் எடுத்தேன், உன் அப்பாவைக் கட்டிக் கனடாவுக்கு வந்தேன். அந்தக் கைப்பழக்கமும் என்னோடு விமானம் ஏறி வந்துவிட்டது.

இந்த வருடம் தொடங்கும்போதே வன்னியில் உன் சித்தப்பாவோடு தொடர்பு அறுந்துவிட்டது. அப்பா ஒன்றும் பேசமாட்டார். வேலைக்குப் போவார், வருவார், கணினியில் செய்தியைப் பார்ப்பார். ஸ்காபரோவில் எந்தக் கடைக்குப் போனாலும் சனம் அழுதுகொண்டு நிற்கும், அல்லது சண்டை பிடித்துக்கொண்டு நிற்கும். உன் அப்பா மட்டும் அழவும் இல்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. சனிக்கிழமைகளில் ஓவர்டைம் என்று காலையில் போய்ப் பின்னேரம் வந்தார். லேத் பட்டறையில் வேலை செய்கிறவருக்கு ஓவர்டைம் வருவது புதினமில்லை. ஆனால் சம்பளத் துண்டில் ஓவர்டைம் இல்லை. உடுப்பில் வழமையான எண்ணெய் மணத்தோடு வேறொரு மணமும் இருந்தது, சாம்பிராணியும் இல்லை, சென்ற் வாசமும் இல்லை. மேல் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்காரி சாந்தி அன்ரி உடுப்புத் தோய்க்கிற மெசினடியில் நின்று சொன்னார்:

“சனிக்கிழமை ஓவர்டைம் எண்டால் நம்பாதையும், பிள்ளை. என்ர மனுசனும் உப்பிடித்தான் சொன்னவர். கடைசியாய்ப் பார்த்தால் ஆள் காட்ஸ் விளையாட்டு.”

“இவருக்குக் காட்ஸ் தெரியாது, அன்ரி.”

“அப்ப இன்னும் கவனமாய் இரும்.”

சித்திரை மாதம் ஒரு நாள் நீ வாயில் ஒரு விசிலோடு அறைக்குள் வந்தாய். பித்தளை. என் நடுவிரலைவிட நீளம். அப்பாவின் சாப்பாட்டுப் பையின் அடியில் எடுத்திருக்கிறாய். அதன் வாயில் உதட்டை வைத்து ஊதினாய்; கப்பல் கூவுவது போலக் கூவியது. அது விசிலே இல்லை, ஒரு துவக்குக் கோது. உன் கையிலிருந்து பிடுங்கினேன். நீ கத்தினாய். விசில் தொலைந்துவிட்டது என்று உனக்குச் சொன்னேன். இந்தக் கதையில் நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

படித்தவள் அல்லவா, உடனே ஆராய்ச்சி தொடங்கினேன். கோதின் அடியில், விளிம்பைச் சுற்றி, 375 என்று பொறித்திருந்தது. அடுத்த நாள் உன்னைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போய், அங்குள்ள கணினியில் அந்த எண்ணைத் தேடினேன். பெரிய மிருகங்களைச் சுடுகிற துவக்கின் ரவை என்று வந்தது, படத்தோடு. ஆனால் என்னிடம் இருந்தது அந்தப் படத்தைப் போல இல்லை. தோள் வேறு இடத்தில் இருந்தது, கழுத்து தடித்திருந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவின் வேர்ணியரை எடுத்து வாயை அளந்தேன். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் 375 பங்கு வரவேண்டும், அதற்கு எவ்வளவோ அதிகம். மூன்று தரம் அளந்தேன். அடியில் சொல்லும் பெயர் ஒன்று, உடம்பு இன்னொன்று. எனக்கு வந்த முடிவு என்ன தெரியுமா? யாரோ வேண்டுமென்றே பெயரை மறைத்திருக்கிறார்கள். கள்ளப் பாஸ்போட்டில் வந்த மனிதரை எனக்குத் தெரியும். கள்ளப் பாஸ்போட்டில் வந்த ரவையை அன்றுதான் கண்டேன்.

அப்பாவிடம் கேட்டிருக்கலாம். ஒரு வசனம் போதும்: இது என்ன? நான் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வார், பொய் சொன்னார் என்று தெரிந்தால் நான் அவரோடு எப்படி இருப்பது என்று நினைத்தேன். கேட்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் ஆங்கிலத்தில் “கழுத்து”, “மருந்து”, “சனிக்கிழமை” என்றெல்லாம் மெல்லக் கதைப்பதைக் கேட்டேன். தம்பியைத் தொலைத்த மனிதன், வாய் திறக்காத மனிதன், யாரும் அறியாத ரவை. இந்த மூன்றையும் கூட்டி நான் எடுத்த விடையை உனக்கு எழுத வெட்கமாயிருக்கிறது. உன் அப்பா யாரையோ சுடப்போகிறார் என்று நம்பினேன்.

வைகாசி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை. வன்னியில் எல்லாம் முடியப்போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அப்பா வேலைக்குப் போனபின் கீழறையில் இருந்த அவருடைய இரும்பு அலுமாரியின் திறப்பைத் தேடினேன். பனிக்காலச் சப்பாத்துக்குள் இருந்தது. திறந்தேன். உள்ளே வெள்ளி நிறத்தில் ஒரு உலோகக் கட்டி, போத்தல் போன்ற வடிவம். தமிழில் எழுதிய ஒரு கொப்பி. ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் இருபது குழி, இருபது ரவை. வெறும் கோது அல்ல, முழு ரவை.

கொப்பியைத் திறந்தால் உன் அப்பாவின் உருட்டுக் கையெழுத்து. “மருந்து”, “நிறை”, “கழுத்து விரிவு”, “வாய்”, “இரண்டாம் முறை சுட்டபின்” என்று வரிசை வரிசையாக எண்கள். இரசாயனம் படித்த எனக்கே அது குண்டு செய்கிற குறிப்பாகப் பட்டதென்றால், பொலிஸுக்கு எப்படிப் படும்? தமிழன், தமிழில் எழுதியது, இந்தக் கிழமை. நான் யோசிக்கவே இல்லை, மகன். கை தானாக வேலை செய்தது. கொப்பியைத் தாள் தாளாகக் கிழித்துப் பெரிய சட்டியில் போட்டு எரித்தேன். புகை எச்சரிப்பு மணி வீடெல்லாம் அலறியது. சாந்தி அன்ரி படியால் ஓடி வந்தார்.

“என்ன பிள்ளை கருகுது? வீட்டைக் கொழுத்திப் போடாதையும்!”

“கத்தரிக்காய் சுட்டனான், அன்ரி.”

“கத்தரிக்காய் கடதாசி மாதிரி மணக்குமே? எந்தக் கடையில வாங்கினனீர்?”

கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்து பெட்டியை எடுத்தேன். அடியில் ஏதும் கடிதம் ஒளித்திருக்கிறதா என்று பார்க்க இருபதையும் வெளியே எடுத்தேன். ஒன்றும் இல்லை. திரும்ப அடுக்கினேன். முதலில் இருந்தபோது பதினான்கு ரவை முனை மேலே பார்க்கவும், கடைசி ஆறு தலைகீழாகவும் நின்றன. அதை நான் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. உன் அப்பா உடுப்பு மடிக்கிற இலட்சணம் எனக்குத் தெரியும்; இதையும் அப்படித்தான் ஏனோதானோவென்று வைத்திருக்கிறார் என்று நினைத்து இருபதையும் ஒரே மாதிரி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்பது போல, நிமிர்த்தி வைத்தேன். கையெழுத்தை எரித்தாயிற்று, மிச்சத்தை அடுக்கியாயிற்று. என் அம்மா பார்த்திருந்தால் மெச்சியிருப்பா.

அடுத்த நாள் சனிக்கிழமை. போரை நிறுத்தச் சொல்லி டவுன்ரவுனில் எங்கள் சனம் தெருவை மறித்து இருந்தது. அப்பா விடியவே அங்கே போய்விட்டார். ஒன்பது மணிபோலக் கதவு தட்டுகிற சத்தம். ஒரு வெள்ளைக்காரக் கிழவர், உயரம், காதில் கேட்கும் கருவி. தன் பெயர் வோல்ற்றர் என்றார். அப்பாவின் பட்டறையில் முன்பு போர்மனாக இருந்தவராம். “பேரப்பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் நின்றதால் இங்கே விட்டிருந்த என் பெட்டியை வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்தேன். இன்றைக்கு அவர் வரமாட்டார் என்று தெரியும். அவருடைய தம்பியைப் பற்றி ஏதும் செய்தி உண்டா?” என்று கேட்டார். உன் அப்பா எனக்குச் சொல்லாத மனிதருக்கு எங்கள் வீட்டுத் துக்கம் தெரிந்திருந்தது. அதிலேயே எனக்குச் சந்தேகம் கூடியது. ஆனால் பெட்டி வீட்டை விட்டுப் போகிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அலுமாரியைத் திறந்து, பெட்டியையும் அந்த உலோகக் கட்டியையும் அவருடைய கையில் கொடுத்தேன். நன்றி சொல்லிப் போனார். நான் கதவைப் பூட்டிவிட்டு, கனடாவுக்கு வந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக நிம்மதியாக மூச்சு விட்டேன்.

பதினொரு மணிக்கு அப்பா வந்தார். கண் இரண்டும் சிவந்து கிடந்தது. சோறு போட்டேன். போட்டுக்கொண்டே, ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: “வோல்ற்றர் எண்டு ஒரு கிழவன் வந்து பெட்டி ஒண்டு வாங்கிக்கொண்டு போனவர்.”

அவர் திடுக்கிடுவார் என்று காத்திருந்தேன். அவர் சோற்றைப் பிசைந்தார். “உமக்குச் சொல்லாமல் விட்டது என்ர பிழை. துவக்கெண்டால் உமக்கு என்ன மாதிரி எண்டு தெரியும்தானே. அதுதான் வாய் வரேல்ல.”

“என்ன துவக்கு?”

“அந்தாளின்ர தமையன்ர. வடக்க, காட்டுக்குள்ள இருந்த மனுசன். செத்துப்போனார். துவக்கு இவருக்கு வந்திட்டுது, ஆனால் அதுக்கு ரவை ஒரு கடையிலயும் இல்லை. குழலில ரெண்டு எழுத்து மட்டும்தான் வெட்டிக் கிடக்கு. என்ன ரவையெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.”

அன்றைக்குத்தான் இதெல்லாம் எனக்கு விளங்கியது. அந்தத் தமையனுக்கு ஊரில் ஒரு துவக்குக் கொல்லர் இருந்தாராம். எந்தக் கொம்பனியும் செய்யாத, தன் எண்ணத்துக்கு அவர் உருமாற்றிய ரவை அது. இப்படியானதை வைல்ட்காட் என்பார்களாம். தகப்பன் ரவைக்குப் பெயர் உண்டு, அதிலிருந்து பிறந்த பிள்ளைக்குப் பெயர் இல்லை. கொல்லரும் செத்துப்போனார். ஆகவே இவர்கள் இரண்டு பேரும் துவக்கின் அறைக்குள், குறைந்த சூட்டில் உருகும் ஓர் உலோகத்தை வார்த்து, அந்த அச்சை வெளியே எடுத்து அளந்திருக்கிறார்கள். நான் கண்ட வெள்ளிக் கட்டி அதுதான். அந்த அளவைப் புத்தகங்களோடு ஒப்பிட்டு, 375 என்ற கோதிலிருந்து பிறந்தது என்று கண்டுபிடிக்க இரண்டு மாதம். அந்தக் கோதின் கழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விரிக்கிற ஆணியை உன் அப்பா லேத்தில் கடைந்திருக்கிறார். துவக்குக்கு லைசன்ஸ் எடுக்கிற வகுப்புக்கும் ஒரு சனி ஞாயிறு போயிருக்கிறார். தம்பியைப் பற்றிய செய்தி வராத நாட்களில், ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தைப் பிடிக்கிற வேலை ஒன்றுதான் தன்னை நிமிர்த்தி வைத்திருந்தது என்றார். “அங்க பிழை பிடிச்சால் ஏன் பிழையெண்டு கண்டுபிடிக்கலாம்” என்றார். அவர் என்னோடு அவ்வளவு நேரம் பேசி மாதக்கணக்காயிற்று.

நான் நம்பினேனா? இல்லை. நல்லாக் கட்டிச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆகவே மடக்குவதற்காகக் கேட்டேன்: “அப்ப அந்தாள் இண்டைக்குக் கொண்டுபோய்ச் சுடுவாரோ?”

“ஓம், சுடுவார். பதினாலு சுடலாம். கடைசி ஆறுக்கும் வெடிமருந்து நிறுக்கேக்க தராசு அசைஞ்சு போச்சு, பூச்சியத்தில நிக்கேல்ல. எவ்வளவு கூடப் போட்டனெண்டு தெரியாது. அந்தாள் அப்ப பேரப்பிள்ளையளைக் கூட்டிவர எயார்போட்டுக்குப் போட்டார். கொப்பியில எழுதி, ஆறையும் கவிட்டு வச்சிருக்கிறன். கவிட்டு வச்சால் தொடப்படாது, கழட்டவேணும் எண்டு எங்கட ரெண்டு பேருக்கும் ஒரு கணக்கு. அவருக்கு விளங்கும்.”

மகன், இதைத்தான் உனக்கு எழுதவேண்டும் என்று ஐந்து மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் அதைச் சொன்னபோது அவருடைய கோப்பையில் பாதிச் சோறு இருந்தது. அந்தச் சோறு முடியும் மட்டும் நான் வாய் திறக்கவில்லை. என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். அலுமாரியை நான் திறந்தேனா என்று பிடிப்பதற்கு இது ஒரு தூண்டில் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் கறி விட்டேன். மோர் வேண்டுமா என்று கேட்டேன். ஒரு கிழவர் காட்டோரத்தில் துவக்கில் கன்னத்தை வைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் மோர் வார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை கழுவ எழும்பியபோதுதான், தண்ணீர்ச் சத்தத்துக்குள், சொன்னேன்.

“நான் எல்லாத்தையும் நிமித்தி வச்சிட்டன்.”

“எதை?”

“ரவையளை. கொப்பியையும் எரிச்சுப்போட்டன்.”

அவர் குழாயை மூடவில்லை. என்னை ஏசவும் இல்லை. வோல்ற்றரின் வீட்டுக்கு அடித்தார், மணி போய்க்கொண்டே இருந்தது. கிழவரிடம் கைத்தொலைபேசி இல்லை. உன்னைச் சாந்தி அன்ரியிடம் தூக்கிக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினோம். 401 நெடுஞ்சாலையில் அஜக்ஸ் தாண்டி, விட்பி தாண்டி, வடக்கே திரும்பினார். கூடுதல் மருந்தென்றால் என்ன நடக்கும் என்று கேட்டேன். “துவக்கின்ர பூட்டு முகத்துக்கு நேர இருக்கு, அது பின்னால பறக்கும்” என்றார்.

சுடுகிற மைதானத்துக்குப் போனபோது ஒரு சத்தமும் இல்லை. வோல்ற்றர் தன் பிக்கப் வண்டியின் பின் தட்டில் இருந்தார். துவக்கு பக்கத்தில், பூட்டுத் திறந்தபடி. முகம் முழுதாக இருந்தது. இரண்டு கண்ணும் இருந்தன. நாலு சுட்டாராம். ஐந்தாவது தோளைப் பிடித்துத் தள்ளியது, பிறகு பூட்டுத் திறக்கவில்லை, மரச் சுத்தியலால் தட்டித்தான் திறந்தாராம். வெளியே வந்த கோதின் அடி சப்பையாகிப் போயிருந்தது. ஆறாவதை அவர் தொடவில்லை. அந்தத் தொழிலில் சந்தேகம் வந்தால் நிறுத்திவிடவேண்டும், அடுத்ததைச் சுட்டுப் பார்க்கக்கூடாது. அவருடைய சந்தேகம் அவரைக் காப்பாற்றியது. என்னுடையது அவரைக் கொல்லப் பார்த்தது. அதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் சந்தேகப்பட்டது ஒரு பொருளை. கையை எடுத்துவிட்டு, அளந்து, கேட்டுப் பார்க்கலாம் என்று இருந்தார். நான் சந்தேகப்பட்டது ஆளை, அதுவும் கேட்காமல்.

வோல்ற்றர் அந்தச் சப்பைக் கோதை நீட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “கடைசியாக இந்தப் பெட்டியில் கை வைத்தது யார்?”

நான் வாயைத் திறக்கும் முன் உன் அப்பா சொன்னார்: “நான். கவிழ்த்து வைக்க மறந்துவிட்டேன்.”

கிழவர் அவரைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை விரித்தார். சனிக்கிழமைகளில் இருவரும் வேலை செய்த தன் கராஜின் திறப்பைக் கேட்கிறார் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. அப்பா தன் வளையத்திலிருந்து அதைக் கழற்றிக் கொடுத்தார். அவ்வளவுதான். கத்தலும் இல்லை, கையைக் குலுக்கலும் இல்லை. நான் பக்கத்தில் நின்றேன், ஆங்கிலம் தெரியாதவள் மாதிரி. திரும்பி வரும் வழியில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். “முதலே உமக்குச் சொல்லியிருந்தால் நீர் தொட்டிருக்கமாட்டீர். பெட்டி என்ர பொறுப்பு. பிழையும் என்ரயாய் இருக்கட்டும்.” இரண்டு நாளில் போர் முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். அந்தச் செய்திக்குள் எங்கள் செய்தி மூடுண்டு போயிற்று. ஆவணியில் ஒரு முகாமிலிருந்து உன் சித்தப்பாவின் குரல் கேட்டது; உயிரோடு இருக்கிறார். அன்றைக்கு மட்டும் உன் அப்பா சிரித்தார். சனிக்கிழமைகளில் அவர் இப்போது வீட்டில்தான். சாந்தி அன்ரிகூடக் கேட்டுவிட்டார்: “என்ன பிள்ளை, உம்மட மனுசன் இப்ப ஓவர்டைம் போறேல்லையோ? ஆள் சோர்ந்து போனார்.” முந்தி சந்தேகப்படச் சொன்ன அதே வாய்.

போன செவ்வாய்க்கிழமை உன்னையும் கூட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, வோல்ற்றரின் வீட்டுக்குப் போனேன். வீடு மாறுவதற்குள் சொல்லிவிடவேண்டும் என்று இருந்தது. நீ அவருடைய வாசலில் காய்ந்த இலைகளை உதைத்து விளையாடினாய். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், அண்ணனின் பென்சில் மூடியிலிருந்து மோர் வரைக்கும். அவர் காதுக் கருவியைச் சரிசெய்து கேட்டார். அவருடைய முகம் இளகும் என்று எதிர்பார்த்தேன். இளகவில்லை.

“அப்படியென்றால் அவர் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்” என்றார். “மறந்துபோகிற ஆளோடு நான் வேலை செய்வேன், நானும் மறக்கிறவன்தான். ஒரு ரவையைப் பற்றிப் பொய் சொல்கிற ஆளோடு எப்படிச் செய்வது? அன்றைக்கு யார் தொட்டது என்று சரியாகத் தெரியாமல் அந்தப் பெட்டியில் மிச்சம் இருந்த பதினைந்தையும் கழற்றினேன். அவரை வரச் சொல். அவருடைய வாயால் சொல்லட்டும்.”

நல்லது செய்யப் போய் மறதிக்காரராக இருந்த உன் அப்பாவைப் பொய்யராக்கிவிட்டு வந்தேன். அதையும் அவருக்குச் சொல்ல நாலு நாள் எடுத்தேன். இன்று காலை, அவர் பெட்டிகளுக்கு ரேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன். ரேப்பைக் கீழே வைத்தார்.

“திரும்பவும் என்னைக் கேக்காமல் போயிருக்கிறீர்.”

“ஓம்.”

“கேட்டிருந்தால் போகவேண்டாம் எண்டிருப்பன்.”

“அதுதான் கேக்கேல்ல.”

அவர் கோபத்தோடு சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு இருக்கிறது, உனக்கும் அது வரும், இப்போதே உன் முகத்தில் காண்கிறேன். ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு போனார். வோல்ற்றரிடம் போகிறேன் என்று சொன்னார். உண்மையாக அங்கேதான் போனாரா என்று பத்தரை மணிக்கே எனக்கு யோசனை வந்துவிட்டது. பார், நான் திருந்தவில்லை. நாளைக்கு உன் மனைவியோ, உன் பிள்ளையோ எதையாவது மறைத்தால், மறைத்த பொருளை அளந்துகொண்டு நூலகத்துக்குப் போகாதே. போய்க் கேள். பொய் சொன்னாலும் பரவாயில்லை. பொய்யை முகத்தைப் பார்த்துக் கேட்பது, பூட்டைத் திறந்து பார்ப்பதைவிட ஆபத்துக் குறைந்தது. இதை நான் சொல்கிறேன். செய்ய இன்னும் பழகுகிறேன்.

கார் வந்து நிற்கிறது. எழுதுவதை நிறுத்திவிட்டுப் போய் வருகிறேன்.

திரும்ப எழுதுகிறேன். நாலு மணி. அப்பா வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே, சுற்றி வளைக்காமல் கேட்டேன்: “என்ன சொன்னவர்?”

“அரை மணித்தியாலம் ஏசினார். பிறகு நாலு மணித்தியாலம் அச்சைத் திரும்ப அளந்தம். கொப்பி இல்லைத்தானே. முதலிலயிருந்து தொடங்கவேணும்.”

“திறப்புத் தந்தவரோ?”

“தரேல்ல. தரமாட்டார் எண்டு நினைக்கிறன். கேட்டால் கதவைத் திறந்துவிடுறாராம்.” சாப்பாட்டு மேசையில் போய் இருந்தார். “அடுத்த சனிக்கிழமை உம்மையும் கூட்டிக்கொண்டு வரட்டாம். இரசாயனம் படிச்ச ஆள் வீட்டில இருக்கேக்க ஏன் நீ தராசைப் பிடிச்சனி எண்டு கேட்டவர்.”

“என்னை நம்பி மருந்து நிறுக்க விடுவாரோ?”

“நம்பமாட்டாராம். பக்கத்தில நிண்டு ஒவ்வொண்டையும் திரும்ப நிறுப்பாராம். ஆனால் அடுக்கினது வடிவாத்தான் இருந்ததாம்.”

நான் இன்னும் ஓம் என்று சொல்லவில்லை. துவக்கு இருக்கிற ஒரு வீட்டுக்குள் என் காலால் நடந்து போவதா என்று தயங்குகிறேன். கிழவர் உண்மையில் என்ன நினைத்துக் கூப்பிடுகிறார் என்றும் ஒரு யோசனை. நீ வளர்ந்து இதை வாசித்து முடித்ததும், நான் போனேனா இல்லையா என்று என்னிடம் கேள். பிறகு அப்பாவிடம் தனியாகப் போய்க் கேள். இரண்டு பேரும் ஒரே பதில் சொல்கிறோமா என்று பார்.

அம்மா